உஸ்திகாக் கடலில் தலையில் வைத்த கை

“தலையிலை கை வைச்சால் ஆருக்கு என்ன நடக்கும், அம்மா?”

என் மகள் ஆரபி இதைக் கேட்டபோது நாங்கள் இத்தாலியின் உஸ்திகாத் தீவில் ஒரு கறுப்புப் பாறையில் உட்கார்ந்திருந்தோம். நனைந்த நீச்சலுடையின்மேல் துவாயைப் போர்த்தியிருந்தாள். ஒன்பது வயது. பற்கள் மெல்ல அடித்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பலேர்மோவுக்குத் திரும்பி, உடுப்புகளைத் தோய்த்துக் காயப்போட்டு, பையின் மூலையில் ஒட்டியிருந்த கறுப்புத் துகள்களைத் தட்டி முடித்த பிறகும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆரபி பலேர்மோவின் பிரான்காச்சோவில் எங்கள் வீட்டுக்கு அருகே உள்ள குளத்தில் நீச்சல் பழகுகிறாள். வகுப்பில் நன்றாக நீந்தும் பிள்ளைகளைக் கோடை தொடங்கும்போது உஸ்திகாவுக்குக் கூட்டிப்போவார்கள். வழிகாட்டியோடு கரையோர நடை, கடைசி நாள் திறந்த கடலில் நீச்சல். ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டில் இருந்து ஒருவர் போக வேண்டும். அவளுடைய அப்பாவுக்கு ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துப் பக்கத்து உணவகச் சமையலறையில் வார இறுதியில்தான் வேலை அதிகம். ஆகவே நான்.

எனக்கு நீந்தத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்குக் கடல் புதிதல்ல. ஆனால் என் கடல் என்பது கடலோரக் கீரிமலைக் கேணியின் படியைப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை இறங்கியதோடு சரி. கால்சாப் பகுதியில் நான் பார்த்துக்கொள்ளும் வயதான இத்தாலிய அம்மாவிடம், என் சிஞோராவிடம், மூன்று நாள் விடுமுறை கேட்டபோது, “நீயா, கடலுக்கா?” என்று சிரித்தார். எங்கள் வீட்டில் பயப்படும் வேலை என்னுடையது. அதை நான் ஒழுங்காகச் செய்து வருகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை, ஆரபியின் அப்பா மோட்டரினோ என்கிற சின்ன ஸ்கூட்டரில் எங்கள் பையை வைத்துக்கொண்டு துறைமுகத்துக்கு வந்தார். நாங்கள் பஸ்ஸில் போனோம். போன மாரியில் அவர் அந்த மோட்டரினோவில் இருந்து சறுக்கி விழுந்து தோள் எலும்பு முறிந்தது. இப்போது சுகம். ஆனால் அன்றிலிருந்து அவர் எங்கே போனாலும் போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போட வேண்டும். சொல் எழுதச் சோம்பல். உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று வரும். அது வந்த பிறகுதான் நான் அடுத்த வேலையைத் தொடுவேன்.

“இஞ்சாரும், கடலைப் பாத்து நீர் பயப்பிடுறதைப் பிள்ளைக்குக் காட்டாதேயும்,” என்றார்.

“நான் எங்கை பயப்பிடுறன்?”

“பையிலை மருந்து மட்டும் ஒரு கடைக்குக் காணும்.”

ஆரபி அவருடைய ஹெல்மெட்டைத் தட்டி, “போட்டு வாறன் அப்பா,” என்றாள்.

உஸ்திகாவுக்குப் போவது அலிஸ்காபோ என்கிற விரைவுப் படகு. நீரின்மேல் எழும்பி ஓடும் என்றார்கள். எழும்பியது உண்மைதான், திரும்ப விழவும் விழுந்தது. துறைமுகத்தைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் எனக்கு வயிறு வாய்க்கு வந்துவிட்டது. பிள்ளைகள் முன்வரிசையில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் மெற்றில்டா அக்கா. மன்னாரில் இருந்து வந்தவர். அவருடைய மகள் ஸ்டெல்லா ஆரபியோடு நீந்துகிறாள். எங்களுக்குள் கோயில்தான் வேறு. மற்றப்படி இரண்டு பேரும் பிறர் வீட்டுத் தரையைத் துடைத்துவிட்டு ஒரே பஸ்ஸில் திரும்புகிறவர்கள்.

“தங்கச்சி, கடலைப் பாக்காதை. என்ரை முகத்தைப் பார்.”

“உங்கடை முகமும் ஆடுதக்கா.”

“அது எப்பவும் ஆடுறதுதான். இந்தா, இஞ்சியைக் கடி.”

எங்களுக்கு முன்னால் ஒரு வயதான இத்தாலியத் தம்பதி. மனைவி கணவனிடம், “கேஸை மூடினாயா?” என்று கேட்டாள். “மூடினேன்.” சற்றுக் கழித்து, “கையால் தொட்டுப் பார்த்தாயா?” அவர் தொப்பியை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டார். எனக்கு அந்த அம்மாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

தீவு தூரத்தில் இருந்து பார்க்க ஆமை போல இருந்தது. கிட்ட வந்தபோது அடிப்பிடித்த சட்டியின் அடியைப் போல. எரிமலை ஒரு காலத்தில் கக்கி உறைந்த கல். பஞ்சு போல துளைத்துளையாக, ஆனால் தொட்டால் கை கீறும். அந்தக் கறுப்புக்குக் கீழே தண்ணீர் இவ்வளவு நீலமாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஊரின் சுவர்களில் மீன்களையும் படகுகளையும் தீட்டியிருந்தார்கள். ஒரு பூனைகூட அவசரப்படவில்லை.

பின்னேரம் சின்னச் சதுக்கத்தில் எங்கள் வழிகாட்டி எல்லோரையும் வட்டமாக நிறுத்தினாள். பெயர் நுன்சியா. அந்தத் தீவிலேயே பிறந்தவள், ஐம்பது வயதிருக்கும், வெயிலில் காய்ந்த தோள்கள், உரத்த குரல். கடலில் குரல் கேட்காது, அதனால் கையால்தான் பேச வேண்டும் என்றாள். கையை உயர்த்தி ஆட்டினால் “என்னிடம் வா” என்று அர்த்தம். ஒரு கையைத் தலையின் உச்சியில் வைத்தால் “நான் நலம்” என்று அர்த்தம்.

“நான் நின்று திரும்பிப் பார்க்கும்போது எல்லோரும் தலையில் கை வைக்க வேண்டும். ஒருவர் வைக்காவிட்டாலும் நான் முன்னால் போக மாட்டேன். இப்போது செய்து பார்ப்போம். பெற்றோரும்.”

சுற்றி நின்ற எல்லாரும் கையைத் தூக்கித் தலையில் வைத்தார்கள். நானும் மெற்றில்டா அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலையில் கை வைப்பது இழவு வீட்டுக்குரியது. சும்மா இருக்கும்போது வைத்தால் வீட்டில் யாருக்காவது கூடாது என்று நடக்கத் தொடங்கும்போதே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நான் தலைமயிரை ஒதுக்குவது போல காதுக்கு மேலே கையைக் கொண்டுபோய் இறக்கினேன். அக்கா கண்ணாடியைச் சரிசெய்தார்.

“மாதாவே, வேறை குறி கிடைக்கேல்லையோ இவைக்கு,” என்று முணுமுணுத்தார்.

அப்போது ஆரபி என்ன செய்தாள் என்று நான் பார்க்கவில்லை. அவளுடைய இடுப்பில் கட்டும் செம்மஞ்சள் மிதவையில் ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை நடை. அது தொடங்கும் முன்பே நாங்கள் தொலைந்துவிட்டோம். தீவைச் சுற்றி இரண்டு சின்ன பஸ்கள் ஓடுகின்றன. ஒன்று வலப்பக்கமாக, மற்றது இடப்பக்கமாக. பிள்ளைகள் நுன்சியாவோடு முதல் பஸ்ஸில் போய்விட்டார்கள். நானும் அக்காவும் அடுத்ததில் ஏறினோம். வழியில் ஒரு குதிரை, பிறகு வயல்கள், பிறகு வெளிச்சவீடு, பிறகு மறுபடியும் நாங்கள் ஏறிய சதுக்கமே வந்தது.

“நாங்கள் ஏறின இடமெல்லே இது,” என்றார் அக்கா.

சாரதியிடம் கேட்டேன். “நீங்கள் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது, சிஞோரா. கவலைப்படாதீர்கள். இந்தத் தீவில் தொலைவதற்கு இடமில்லை. உட்காருங்கள், திரும்பவும் வரும்.”

கவலைப்படாதே என்று சொன்னால் கவலை போய்விடும் என்று நம்புகிற ஆண்கள் எல்லா நாட்டிலும் பஸ் ஓட்டுகிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் பாதையோரம், ஊறுகாய்க்கு மொட்டுப் பறிக்கும் கப்பர்ச் செடிகளின் வெள்ளைப் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆரபி என்னைக் கண்டதும் ஓடி வந்து, “எங்கை போனனீங்கள்? நான் ரெண்டு தரம் அப்பாக்குக் கோல் எடுக்கப் பாத்தனான்,” என்றாள். என்னுடைய பயந்த முகம் அவளுடைய முகத்தில் இருந்தது. அது எனக்குப் பெருமையாக இருக்கவில்லை.

பாதை கடலுக்கு மேலே, பாறை விளிம்பை ஒட்டிப் போனது. ஒரு பக்கம் முட்கள்ளி, காட்டுப் பெருஞ்சீரகம். மறுபக்கம் ஒன்றுமில்லை, கீழே நீலம். நான் ஆரபியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்பக்கம் அவளை விட்டு வெளிப்பக்கம் நான் நடந்தேன். நுன்சியா திரும்பிப் பார்த்து, “நீங்கள் விழுந்தால் அவளையும் இழுத்துக்கொண்டுதான் விழுவீர்கள், சிஞோரா. கையை விடுங்கள்,” என்றாள். விட்டேன். கொஞ்சத் தூரம் போனதும் திரும்பவும் பிடித்தேன். அவளும் விடவில்லை.

மதியம் நுன்சியாவின் வீட்டு முற்றத்தில் சாப்பாடு. அந்தத் தீவின் பருப்பு பெயர்போனதாம். மசூர்ப் பருப்பைவிடச் சிறியது, மண்ணிறம், சாம்பல் போன்ற அந்த எரிமலை மண்ணில் விளைவது. செலரித் தண்டும் தக்காளியும் போட்டுச் சூப்பாக வைத்திருந்தாள். நல்ல பருப்பு, ஆனால் தாளிக்காத பருப்பு. பாதி சாப்பிட்டபின் மெற்றில்டா அக்கா மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார். கைப்பையில் நான் கறித்தூள் வைத்திருப்பது அவருக்குத் தெரியும். இருவரும் ஒளித்து ஒரு சிட்டிகை போட்டோம். நுன்சியா மூக்கை உயர்த்தினாள், எங்கள் கோப்பைக்குள் கரண்டியை விட்டு ருசி பார்த்தாள், பிறகு தன்னுடைய கோப்பையை நீட்டினாள்.

சாப்பிட்டதும் பிள்ளைகள் கடலுக்கு ஓடப் பார்த்தார்கள். நுன்சியா வாசலில் குறுக்கே நின்றாள். சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் ஆகாமல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. என் சிஞோராவும் இதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். இங்கே எல்லாத் தாய்மாரும் சொல்வார்கள். நான் ஏன் என்று கேட்டேன்.

“வயிறு பிடித்துக்கொள்ளும். ஆள் அப்படியே கல்லாக இறங்கிவிடும்.”

“அப்படி நடந்து பார்த்திருக்கிறீர்களா?”

“இல்லை. என் அம்மா சொன்னாள்.” சிறிது யோசித்தாள். “இப்போது மருத்துவர்கள் அப்படியொன்றும் இல்லை என்கிறார்கள். ஆனால் மருத்துவர்கள் என்னோடு கடலில் வருவதில்லையே.”

எல்லோரும் நிழலில் படுத்தோம். “ஊரிலை நாங்கள் வயிறு முட்டத் திண்டிட்டுத்தானே கடலுக்கை பாயிறது,” என்று அக்கா தமிழில் சொன்னார். “இவையின்ரை கடல் படிச்ச கடல் போலை.”

பின்னேரம் தீவின் மேற்குக் கரைக்குப் போனோம். பாறைகள் வளைந்து ஒரு குளத்தைக் கட்டியிருந்தன. ஓரத்தில் சின்ன வாய் வழியாகக் கடல் உள்ளே வந்துபோனது. கீரிமலைக் கேணியை யாரோ கறுப்புக் கல்லில் செய்து வைத்தது போல. அந்த நினைவு எனக்கு நல்லதாகப் படவில்லை. கேணிக்கு அப்பால் கடற்கரையில் எங்கள் ஆட்கள் அஸ்தி கரைப்பார்கள். நான் அதை நினைக்காமல் இருக்கப் பிள்ளைகளின் தொப்பிகளை எண்ணினேன். குளத்துக்குள் நுன்சியா பக்கத்திலேயே நீந்தினாள், ஒவ்வொருவரிடமும் வாயால் “துத்தோ பேனே?” என்று கேட்டாள். எல்லாம் நலமா என்று. ஆரபி “சீ”, அதாவது ஓம், என்று கத்தினாள். தண்ணீருக்குள் அவள் என் மகள் போலவே இல்லை. ஒரு பயமும் இல்லாத யாரோ ஒரு பிள்ளை.

அன்றிரவு அவள் தலையைத் துவட்டும்போது, “அம்மா, நாளைக்கு நான் அந்தப் பாறை முனையைச் சுத்திப் போவன். அதுக்கங்காலை ஒரு குட்டிக் கடல் இருக்காம். ஸ்டெல்லா சொன்னவ,” என்றாள். குளத்தில் இதற்காகத்தான் மாரி முழுவதும் அவள் நீந்தினாள் என்று எனக்குத் தெரியும். “சரி,” என்றேன். கட்டைவிரல் வந்திருந்தது. படுத்தோம்.

ஞாயிறு காலை நுன்சியா எல்லோருக்கும் நேரத்தோடு ரஸ்க்கும் தேநீரும் மட்டும் கொடுத்தாள். அதற்குமேல் ஒன்றும் கூடாது. பிள்ளை திறந்த கடலில் நீந்தப் போகிறது, ஒரு ரஸ்க்கோடு. எந்தத் தமிழ்த் தாயால் முடியும்? வீட்டில் இருந்து பயத்தம் பணியாரம் சுட்டுக் கொண்டுபோயிருந்தேன். கடலுக்குப் போகும் வழியில், முட்கள்ளிக்குப் பின்னால் ஆரபியை நிறுத்தி, “கெதியாய் விழுங்கு,” என்றேன். விழுங்கினாள்.

பெற்றோர் பாறையில் நிற்க, பிள்ளைகள் குளத்தின் வாய் வழியாக வெளியே போனார்கள். முன்னால் நுன்சியா. பின்னால் சால்வோ என்கிற இளைஞன் கயாக் என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகில், கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு. ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் ஒரு செம்மஞ்சள் மிதவை. முனைவரை நாங்கள் பார்க்கலாம். பிறகு அவர்கள் மறைந்துவிடுவார்கள், நாங்கள் பாதையால் நடந்து மறுபக்கக் குடாவில் அவர்களைச் சந்திக்க வேண்டும்.

குளத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் நுன்சியா நின்றாள். திரும்பினாள். தலையில் கை வைத்தாள்.

ஒவ்வொரு கையாக எழும்பித் தலைகளில் இறங்கியது. ஒரு பிள்ளை மட்டும் வைக்கவில்லை. மிதவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கரைப்பக்கம் திருப்பி வைத்திருந்தது. மஞ்சள் தொப்பி. ஆரபி.

நுன்சியா மறுபடியும் வைத்தாள். ஆரபி வைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பணியாரம் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் என் தலையில் வரவில்லை. வயிறு பிடித்துவிட்டது, கல்லாக இறங்கப் போகிறாள், நான் கொடுத்தது. பாறையின் விளிம்புக்குப் போய்விட்டேன். மெற்றில்டா அக்கா என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தார். “நீ விழுந்தால் உன்னை ஆர் தூக்கிறது? அந்தா போறான் பார்.” சால்வோ கயாக்கைத் திருப்பி இரண்டு இழுப்பில் அவளிடம் போயிருந்தான்.

அவளைப் பாறைக்குக் கொண்டுவந்தார்கள். மற்றப் பிள்ளைகளும் திரும்பிக் குளத்தின் வாயில் மிதந்தார்கள். ஆரபி அழவில்லை. நான் துவாயைச் சுற்றினேன், வயிற்றைத் தடவினேன். நுன்சியா தண்ணீரில் நின்றபடி பாறையில் கையூன்றி, “குளிரா? வலியா? பயமா?” என்று கேட்டாள். மூன்றுக்கும் ஆரபி தலையாட்டி இல்லை என்றாள்.

“குறி தராத பிள்ளையை நான் முனைக்கு அப்பால் கூட்டிப்போக மாட்டேன், சிஞோரா.” கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கடினமாக இருந்தது.

“பிழை என்னுடையது,” என்றேன். “நான் சாப்பிடக் கொடுத்துவிட்டேன்.”

“எப்போது?”

“வரும் வழியில்.”

“என்ன?”

பயத்தம் பணியாரத்துக்கு எனக்கு இத்தாலிய மொழியில் சொல் தெரியாது. “பருப்பு மாவும் சர்க்கரையும். பொரித்தது.”

நுன்சியா கண்ணை மூடித் திறந்தாள். “பொரித்தது.”

“இரண்டுதான்.”

“மூண்டு,” என்றாள் ஆரபி தமிழில். பிறகு என்னைப் பார்த்து, “வயித்திலை ஒண்டுமில்லை அம்மா.”

“பின்னை ஏன் பிள்ளை கையை வைக்கேல்லை?” என்று மெற்றில்டா அக்கா கேட்டார்.

“அம்மா பாத்துக்கொண்டு நிண்டவ.”

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ஆரபி துவாயின் ஓரத்தை முறுக்கினாள். “தலையிலை கை வைக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அண்டைக்கு நான் ரீவி பாக்கேக்கை தலையிலை கை வைச்சிருந்தனான். கையை எடு, அப்பா வெளியிலை போயிருக்கிறார் எண்டனீங்கள். நான் உடனை எடுக்கேல்லை. படம் முடியுற இடம். அண்டைக்குத்தான் அப்பா விழுந்தவர்.”

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அன்றைக்கு மழை. ரோட்டில் எண்ணெய் கிடந்தது. முன்னால் போன வேன் பிரேக் போட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்ன அந்த வசனம் எனக்கு ஞாபகமே இல்லை. எல்லாத் தாய்மாரும் சொல்கிற வசனம். என் வாய் சொல்லும்போது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்திருப்பேன். எனக்கு ஞாபகம் இருந்தது வேறு: ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் ஆரபி இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குளிருகிறது என்று நினைத்து என் சால்வையைப் போர்த்திவிட்டேன்.

நான் நுன்சியாவுக்கு இத்தாலிய மொழியில் சொன்னேன். எங்களிடம் இப்படி ஒரு பழக்கம், பிள்ளை பயப்படுகிறாள், அப்பாவுக்கு ஏதும் ஆகிவிடும் என்று. சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, “என் அம்மா கடைசிவரைக்கும் கட்டிலில் தொப்பி வைக்க விடமாட்டாள், சாவு வரும் என்பாள்,” என்றாள். “நான் இன்றைக்கும் வைப்பதில்லை.”

“கட்டைவிரல் காட்டினால் போதாதா?” என்று கேட்டேன்.

“அலையில் விரல் தெரியாது. கையை மேலே தூக்கினால் சால்வோ ஓடி வருவான். தலையில் கை வைத்தால்தான் தூரத்திலும் தெரியும்.” மற்றப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்து, “அவளை நான் வற்புறுத்த மாட்டேன். அடுத்த வருடமும் கடல் இங்கேதான் இருக்கும்,” என்றாள்.

தண்ணீரில் இருந்து ஸ்டெல்லா கத்தினாள்: “ஆரபி, மூவிதி, கெதியாய் வா, எனக்குக் குளிருது. வாறியோ இல்லையோ?”

ஆரபி முனையைப் பார்த்தாள். பிறகு என்னை. “நீங்கள் ஓமெண்டால் வைக்கிறன் அம்மா,” என்றாள்.

ஒன்றும் நடக்காது என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கே நிச்சயமாகத் தெரியாத ஒன்றை அவளிடம் எப்படிச் சொல்வது? படித்தவள்தான். ஊரில் உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுத்தவள். ஆனால் அந்த நேரம் அவளுடைய அப்பா ஞாயிறு மதிய வேலைக்காக மோட்டரினோவில் போய்க்கொண்டிருப்பார். பாறைக்குக் கீழே போனில் சிக்னல் இல்லை. கட்டைவிரல் வந்ததா என்று பார்க்க வழியில்லை. பிள்ளையிடம் வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு லேசாக இருந்திருக்கும். மேலே போய்ச் சிக்னல் தேடி, கட்டைவிரலைக் கண்ட பிறகு ஓம் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். அதுவரை கடல் காத்திருக்கும், பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள். கட்டைவிரல் வராதிருந்தால்? அந்தப் பயத்தையும் அவளுடைய மிதவையில் கட்டி அனுப்புவதா?

நான் என் வலது கையைத் தூக்கித் தலையின் உச்சியில் வைத்தேன்.

என் தலைமயிர் வெயிலில் சுட்டது. “நான் முதலிலை வைச்சிட்டன். ஏதும் வாறதெண்டால் என்னட்டைக் கேட்டிட்டு வரட்டும்,” என்றேன்.

“பொறு தங்கச்சி, நீ தனியவே?” மெற்றில்டா அக்கா முதலில் சிலுவை போட்டுக்கொண்டார், பிறகு தன் கையையும் தலையில் வைத்தார். “அந்தோனியாரே, இது நீச்சலுக்குத்தான்.”

ஆரபி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. துவாயை என்னிடம் தந்துவிட்டு, பாறையில் உட்கார்ந்து, மெதுவாகத் தண்ணீருக்குள் வழுக்கினாள்.

மிதவைகள் மறுபடியும் வெளியே போயின. அதே இடத்தில் நுன்சியா நின்று திரும்பினாள். மஞ்சள் தொப்பியும் திரும்பியது, நுன்சியாவைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. என் கை இன்னும் தலையில் இருந்தது. ஒரு சின்ன மண்ணிறக் கை தண்ணீரில் இருந்து வந்து, மஞ்சள் தொப்பியின்மேல் அமர்ந்தது. நுன்சியா திரும்பி நீந்தத் தொடங்கினாள்.

அவர்கள் முனையைச் சுற்றி மறையும்வரை நான் கையை எடுக்கவில்லை. தோள் கொதித்தது. பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் எழுந்து வந்தார். படகில் கண்ட அந்த அம்மாதான். “சிஞோரா, தலை சுற்றுகிறதா? தண்ணீர் வேண்டுமா?” என்று கேட்டார். “இல்லை,” என்றேன். “நான் நலம்.” சொன்ன பிறகுதான் அந்தக் குறியின் அர்த்தமும் அதுதானே என்று உறைத்தது.

பாதையால் ஓடினோம் என்றுதான் சொல்ல வேண்டும். மேட்டில் ஏறியதும் என் போன் ஒரு தரம் அதிர்ந்தது. கட்டைவிரல். நான் பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினார்.

மறுபக்கக் குடாவில் பிள்ளைகள் ஏணியால் ஏறி வந்தார்கள். ஆரபியின் உதடு நீலம், கண் சிவப்பு, முகம் முழுக்கச் சிரிப்பு. கீழே ஒரு பெரிய மீன் அவளைப் பார்த்ததாம். தண்ணீருக்கு அடியிலும் கல் கறுப்பாம். எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின் குரலைத் தாழ்த்தி, “அப்பா மெசேஜ் போட்டவரோ?” என்றாள். போனைக் கொடுத்தேன். அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். விரலால் பெரிதாக்கியும் பார்த்தாள். பிறகு, “பணியாரம் மிச்சமிருக்கே?” என்று கேட்டாள்.

திரும்பி வரும் படகில் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தவள் கேள்வியை மறக்கவில்லை. “அப்ப ஒண்டும் நடக்காதோ அம்மா?” நான் சட்டென்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். “கடலிலை வைக்கலாம். வீட்டிலை வேண்டாம்.” சொன்னதும் நல்ல பதில் போலத்தான் இருந்தது. அவள் யோசித்தாள். “வீட்டிலை வைச்சால் ஆருக்கு?” என்றாள். நான் கண்ணை மூடி, கடல் வருத்தம், தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நடப்பது இது. காலையில் அவளுடைய அப்பா வேலைக்குப் புறப்படும்போது ஆரபி பல்கனிக்கு ஓடுகிறாள். கீழே அவர் மோட்டரினோவில் ஏறி மேலே பார்க்கிறார். அவள் வலது கையைத் தலையின் உச்சியில் வைக்கிறாள். அவர் கையை ஹெல்மெட்டின்மேல் வைக்கிறார். பிறகு புறப்பட்டுப் போகிறார். உஸ்திகாவில் என்ன நடந்தது என்று அவளே அவருக்குச் சொல்லியிருக்கிறாள். விழுந்த நாளைப் பற்றியும். அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் இரண்டு பேரிடமும் கேட்கவில்லை.

நான் பல்கனிக் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். ஒவ்வொரு காலையும் “கையை எடு” என்ற வசனம் தொண்டைவரை வருகிறது. அதை விழுங்குகிறேன். கட்டைவிரல் வரும்வரை எந்த வேலையும் ஓடவில்லை, அது முன்போலவே. ஆனால் ஆரபி அதற்காகக் காத்திருப்பதில்லை. கையை இறக்கிவிட்டு, பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டு, பாட்டு முணுமுணுத்தபடி படியிறங்கிப் போய்விடுகிறாள்.

இதை வாசிக்கும் தாய்மாரிடம் கேட்கிறேன். அந்தக் கேள்விக்கு உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? பொய்யாகவும் இருக்கக் கூடாது, பயமுறுத்தவும் கூடாது. அப்படி ஒரு பதில் உங்களிடம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். இல்லாவிட்டால் இதையாவது சொல்லுங்கள்: நாளைக் காலை நான் கதவுக்குப் பின்னாலேயே நிற்பதா, அல்லது வெளியே போய் அவள் பக்கத்தில் நின்று என் கையையும் தூக்குவதா?